முப்பதாவது படி

சுவாமிமலைக்குச் சென்று வந்தவர்கள் அறிவார்கள். தந்தைக்கே குருவாக நின்ற சுவாமிநாதனைத் தரிசிக்க 60 படிகள் ஏற வேண்டும். பிரபவ முதல் அட்சய வரையிலான தமிழ் வருடங்கள் அறுபதும் படிகளாக அமைந்து அடியவர்களைத் தாங்குகின்றன என்பர் பெரியோர். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் படிகள் சிறு வயது முதலே பழக்கம். 72 வயதைக் கடந்த பின்னும் முருகன் அருளால் மெல்ல ஏறிவிடுகிறேன். ஆனால் முப்பதாவது படியை மட்டும் மனம் கலங்காமல் என்னால் கடக்க முடிவதில்லை. அந்தப் படியில் நான் ஒரு பாவம் செய்தேன். அதனைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்கு ஒரே தங்கை. என்னைவிட நான்கு வயது இளையவள். 1956-இல், துர்முகி வருடத்தில் பிறந்தவள். சிறுமியாக இருந்தபோது அவள் காற்றைப் போல ஓடுவாள். மகாமகக் குளத்தை அவள் சுற்றி வரும்போது நான் பாதி தூரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பேன். அவளது 13-ஆம் வயதில், பூப்பெய்திய ஓராண்டுக்குள், அந்த ஓட்டம் நின்றது. இடுப்புக்கு மேலே அதே கொடி போன்ற பெண். இடுப்புக்குக் கீழே வேறொருவரின் உடல் என்று சொல்லும்படி தொடைகளும் கெண்டைக்கால்களும் பருத்துவிட்டன. “அத்தை கால் வந்துவிட்டதே” என்று அம்மா பெருமூச்சு விட்டார். என் தந்தையின் தமக்கைக்கும் அப்படித்தான் கால்கள் இருந்தன. அந்த அத்தை திண்ணையில் அமர்ந்தபடியே வாழ்நாளைக் கழித்தவர். அவருக்கு ஏன் அவ்வாறு ஆயிற்று என்று எவரும் கேட்டதில்லை.

தங்கையின் வெள்ளிக் கொலுசு நினைவுக்கு வருகிறது. கொலுசுக்கு மேலே சதை ஒரு மடிப்பாகத் தொங்கும். கொலுசுக்குக் கீழே பாதம் மட்டும் பழையபடி மெலிந்து, அழகாக இருக்கும். கொலுசு இறுகுகிறது என்று அவள் அழுதபோது, இரண்டு முறை வெள்ளிக்கடையில் கொடுத்துப் பெரிதாக்கினார் அப்பா. பிற்காலத்தில் திருமணத்தன்று அவள் கால் விரலில் ஏறிய மெட்டியோ, இன்று வரை ஒருமுறைகூட இறுகியதில்லை. இந்த இரண்டு செய்திகளும் எங்கள் கண்ணெதிரே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. அவற்றுக்குப் பொருள் உண்டு என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அந்நாளில் கும்பகோணம் என்றால் வெற்றிலையும் காப்பியும் நினைவுக்கு வருவது போலவே, கொசுவும் யானைக்கால் நோயும் நினைவுக்கு வரும். ஆதலால் தெருவில் உள்ளவர்கள் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டனர். யானைக்கால் நோய்க் கிருமி இரவு நேரத்தில்தான் இரத்தத்தில் நடமாடும். எனவே சுகாதார ஊழியர்கள் இரவில் வீடு வீடாக வந்து, விரல் நுனியில் ஊசியால் குத்தி, கண்ணாடித் தகட்டில் இரத்தம் எடுத்துச் செல்வார்கள். தங்கைக்கும் எடுத்தார்கள். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் அந்த முடிவைத் தெருவுக்கு யார் சொல்வது? பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள், வாசல் வரை வந்து விசாரித்துவிட்டு உள்ளே வராமலே திரும்பிவிட்டன. 25 வயதில்தான் அவளுக்குத் திருமணம் கூடிற்று. நல்ல மனிதர் கணவராக வாய்த்தார் என்பது அவள் செய்த புண்ணியம்.

யானைக்கால் இல்லை என்று தெரிந்த பிறகு, குடும்பத்தார் வேறொரு காரணத்தைக் கண்டுபிடித்தோம். அதுதான் நாக்கு. “வாயைக் கட்டினால் கால் வற்றும்” என்பது எங்கள் வீட்டுப் பழமொழியாகவே ஆகிவிட்டது. அதை மிகுதியாகச் சொன்னவள் நான். பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். அறிவுரை கூறுவதே தொழிலாக இருந்ததால் வீட்டிலும் அதை விட்டேனில்லை. சஷ்டி, ஏகாதசி, சோமவாரம் என்று அவளுக்கு விரதங்களை எடுத்துக் கொடுத்தேன். இறைவனை நினைந்து இருக்க வேண்டிய விரதத்தை, அவளுடைய கால்களுக்குத் தண்டனையாக மாற்றிய குற்றம் என்னுடையது.

அவள் மறுத்ததே இல்லை. கந்த சஷ்டியின் ஆறு நாட்களும் பாலும் பழமும் மட்டும் உட்கொண்டு இருப்பாள். முகம் வற்றும், கழுத்து எலும்பு தெரியும், ரவிக்கை தோளிலிருந்து நழுவும். கால்கள் மட்டும் இம்மியளவும் குறையா. அதைக் கண்டு நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்று. கள்ளமாக உண்பவளுக்கு முகம் மட்டும் எப்படி வற்றும் என்று ஒருநாளும் என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பிரசவங்களுக்குப் பின் கால்கள் மேலும் பருத்தன. மாதவிடாய் நிற்கும் வயதில் இன்னும் ஒரு சுற்று. ஒவ்வொரு முறையும் நான் அவளுடைய தட்டைத்தான் பார்த்தேன்.

2016-இல் துர்முகி வருடம் மீண்டும் வந்தது. தான் பிறந்த வருடம் 60 ஆண்டுச் சுற்றை முடித்துத் திரும்பி வந்ததால், 60 படிகளும் ஏறிச் சுவாமிநாதனைத் தரிசிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆடிக் கிருத்திகையன்று சென்றோம். நல்ல கூட்டம். காவடிகள் ஒருபுறம், பால்குடங்கள் ஒருபுறம். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தவள் பாதி வழியில் அமர்ந்துவிட்டாள். பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் கோபமாக மாறிற்று. பலர் கேட்க, “பலகாரத்தைக் குறைத்திருந்தால் படி தானாக ஏறியிருக்கும்” என்று சொல்லிவிட்டேன். அருகில் நின்ற இருவர் சிரித்தனர்.

தங்கை ஒன்றும் பேசவில்லை. படிகளை நோக்கிக் கைகூப்பினாள். பிறகு எழுந்து, வந்த வழியே இறங்கினாள். அதற்குப் பின் ஏழு ஆண்டுகள் அவள் எந்தக் கோயிலுக்கும் வரவில்லை. “முழங்கால் வலி, வீட்டிலேயே விளக்கேற்றிக்கொள்கிறேன்” என்பாள். ஒரு பக்தையை இறைவன் சந்நிதியிலிருந்து திருப்பி அனுப்பியது அவளது முழங்கால் அன்று, என் நாக்கு. அவள் நாக்கைக் கட்டச் சொன்ன நான், என் நாக்கைக் கட்டவில்லை.

2023-இல் அவளுடைய பேத்திக்கு 14 வயது. ஒருநாள் அந்தக் குழந்தையின் பள்ளிப் பையைச் சுத்தம் செய்த தாய், மதிய உணவு நான்கு நாட்களாக அப்படியே காகிதத்தில் சுற்றி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டாள். விசாரித்தபோது, “பாட்டி கால் மாதிரி ஆகிறது, அதனால் சாப்பிடவில்லை” என்றாளாம் குழந்தை. தொடைகளில் எங்கே இடித்துக்கொண்டோம் என்று அறியாமலே கன்றிப்போன நீலத் தழும்புகள். லேசாகத் தொட்டாலும் வலி. தஞ்சாவூரில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். குழந்தையைப் பார்த்த அவர், “வீட்டில் வேறு யாருக்கு இப்படி இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறார். அடுத்த முறை தங்கையையும் அழைத்துக்கொண்டு போனார்கள். துணைக்கு நானும் சென்றேன்.

அந்த மருத்துவர் முதலில் எடை பார்க்கவில்லை. தரையில் அமர்ந்து தங்கையின் கால்களைத் தம் மடிமீது வைத்துக்கொண்டார். கட்டை விரலால் கெண்டைக்காலை அழுத்தினார்; தங்கை வலியால் முகம் சுளித்தாள்; ஆனால் அழுத்திய இடத்தில் குழி விழவில்லை. பிறகு கணுக்காலைச் சுற்றி விரலை ஓட்டினார். “இதோ பாருங்கள், பருமன் கொலுசு போடும் இடத்தில் வந்து நின்றுவிடுகிறது, பாதத்துக்குப் போகவில்லை” என்றார். கடைசியாக மெட்டியைச் சற்றுத் தள்ளிவிட்டு, இரண்டாவது விரலின் அடிப்பகுதித் தோலைக் கிள்ளித் தூக்கினார். தோல் இலகுவாக மடிந்து எழுந்தது. “நிணநீர் தேங்கிய காலாக இருந்தால் இந்தத் தோலைப் பெரும்பாலும் இப்படிக் கிள்ள முடியாது. உங்கள் மெட்டி இறுகியிருக்கிறதா அம்மா?” என்று கேட்டார். “42 வருஷமா இதே மெட்டிதான்” என்றாள் தங்கை.

அந்நோயின் பெயர் லிபிடீமா என்று அப்போதுதான் அறிந்தோம். கொழுப்பினால் உண்டாகும் வீக்கம் என்பது அச்சொல்லின் பொருள். 1940-இலேயே அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் இதனை விவரித்து எழுதியிருக்கிறார்கள். தங்கை பிறப்பதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே பெயர் பெற்றுவிட்ட நோய், எங்கள் வீட்டுக்கு வந்து சேர 83 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் நோய்ப் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. அப்பட்டியல் நடைமுறைக்கு வந்தது 2022-இல்தான்.

மருத்துவர் சொன்ன ஒரு வாக்கியம் என் நெஞ்சில் நிற்கிறது. “இது சாப்பிட்டதால் வந்ததில்லை, பட்டினி கிடந்தாலும் போகாது.” அதைக் கேட்டவுடன் தங்கை அழத் தொடங்கினாள். வெகுநேரம் அழுதாள். பின்பு என் பக்கம் திரும்பி, “திருடித் தின்கிறேன்னு எல்லாரும் சொன்னீங்க அக்கா. சொல்லிச் சொல்லி, ஒருவேளை தூக்கத்துல எழுந்து தின்கிறேனோன்னு நானே நினைக்க ஆரம்பிச்சுட்டேன்” என்றாள். எனக்குப் பதில் கூற நா எழவில்லை.

என்னைப் போன்ற பாட்டிமார்களும் தாத்தாமார்களும் இவ்விதழை வாசிக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பெண் இப்படி வாய்மூடி வருந்திக்கொண்டிருக்கலாம். ஆகவே நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இந்நோய் ஏறக்குறைய முழுவதும் பெண்களுக்கே வருவது. ஆண்களுக்கு மிக அரிது. பூப்பு, கருத்தரிப்பு, மாதவிடாய் நிற்றல் ஆகிய மூன்று காலங்களில் தோன்றவோ மிகுதியாகவோ செய்யும். தாய், பாட்டி, அத்தை என்று குடும்பத்தில் தொடர்ந்து வருவது உண்டு. இரண்டு கால்களும் ஒரே அளவில் பருக்கும். சிலருக்கு மேற்கைகளும் பருக்கும். பாதமும் உள்ளங்கையும் பொதுவாகப் பருப்பதில்லை. இடை மெலிந்தும் இடைக்குக் கீழே பருத்தும் இருப்பதால், மேலுக்கு ஓர் அளவிலும் கீழுக்கு வேறோர் அளவிலும் துணி தைக்க வேண்டியிருக்கும். தொட்டால் வலிக்கும், சிறிது இடித்தாலும் கன்றிப்போகும். மாலையில் கால்கள் கல்லைக் கட்டியது போல் கனக்கும். உணவைக் குறைத்தால் முகமும் மார்பும் மெலியும், கால்கள் மெலியா.

யானைக்கால் நோய் இதிலிருந்து வேறுபட்டது. அது கொசுவினால் பரவும் புழுக்கள் நிணநீர்க் குழாய்களை அடைப்பதால் வருவது. அதில் பாதமும் வீங்கும், பெரும்பாலும் ஒரு கால் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும், தோல் தடித்துப்போகும். லிபிடீமா எவருக்கும் தொற்றாது. வெறும் உடல் பருமனும் இதுவன்று. பருமனில் இத்தகைய வலி இராது. ஆனால் ஒருவருக்கே இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்பதால் நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. குறிப்பாக, திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, வீக்கத்துடன் மூச்சுத் திணறல் இருந்தாலோ, பாதம் அழுத்தினால் குழி விழும்படி வீங்கினாலோ அது வேறு நோயாக இருக்கக்கூடும். இரத்தக் கட்டு, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் கோளாறாகவும் இருக்கலாம். தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. ஆனால் துன்பத்தைக் குறைக்க வழி உண்டு. அளவெடுத்துத் தரப்படும் இறுக்கமான காலுறைகளை அணிந்தால் கனமும் வலியும் குறைகின்றன. நீரில் நின்று செய்யும் பயிற்சி மிகவும் நல்லது. சுற்றியுள்ள நீரே காலுறையைப் போல் கால்களை இதமாக அழுத்துகிறது. சிறுமியாக இருந்தபோது, “காவேரியில் இடுப்பளவு நீரில் நின்றால் கால் இருப்பதே தெரியவில்லை அக்கா” என்று தங்கை சொல்லுவாள். அதையும் நான் விளையாட்டு என்றே எண்ணினேன். எடை கூடாமல் பார்த்துக்கொள்வது முழங்கால்களைக் காக்கும். கால்களை மெலிய வைப்பதற்காக அன்று. நீர் பிரியும் மாத்திரைகளை விழுங்குவதால் இதற்குப் பயன் இல்லை. தேவைப்படும் சிலருக்கு அறுவைச் சிகிச்சையால் அந்தக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். கவனியாமல் விட்டால் சிலருக்கு நாளடைவில் நிணநீரும் தேங்கத் தொடங்கலாம். அப்போது பாதமும் வீங்கும். ஆகையால் இளமையிலேயே கண்டறிவது நலம்.

உடலின் துன்பத்தைவிட உள்ளத்தின் துன்பம் பெரிது. திருமணங்களில் பின்வரிசை, புகைப்படம் எடுக்கும்போது யாருக்காவது பின்னால் ஒளிதல், பேருந்தில் இருக்கை கேட்க அச்சம், ஆலயத்தில் பந்தியில் தரையில் அமர்ந்தால் எழ முடியாதே என்று உண்ணாமலே திரும்புதல். இவை அனைத்தும் தங்கை பின்னர் எனக்குச் சொன்னவை. “ஏன் முன்பே சொல்லவில்லை?” என்று கேட்டேன். “கேட்கிற மாதிரி நீ இல்லையே” என்றாள். அதில் கோபம் இல்லை. அதுவே எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

நாயன்மார் அறுபத்துமூவரை வரிசையாக ஆலயங்களில் வணங்குகிறோம். மற்றவர்கள் நின்றிருக்க, காரைக்கால் அம்மையார் மட்டும் அமர்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்ற அன்னை அவர். உடலின் அழகை வேண்டாம் என்று உதறிய அவரை, எல்லாம் வல்ல இறைவன் தாய் என்றே அழைத்தான். அடியார் எந்த உருவில் வருகிறார், நின்று வணங்குகிறாரா அமர்ந்து வணங்குகிறாரா என்று அவன் பார்ப்பதில்லை. பார்ப்பவர்கள் நாம்தான். இத்தனை ஆண்டுகள் அந்த வரிசையைச் சுற்றி வந்தும், இது எனக்குத் தோன்றத் தங்கை அழ வேண்டியிருந்தது.

சென்ற ஆண்டு கிருத்திகை ஒன்றில் அவளை மீண்டும் சுவாமிமலைக்கு அழைத்தேன். காலுறை அணிந்து வந்தாள். படிகளில் ஏறச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. கீழ்த்தளத்தில் மீனாட்சி சுந்தரேசுவரர் சந்நிதியருகே அமர்ந்துகொண்டாள். “நீ போய்ட்டு வா அக்கா. எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுட்டு வா” என்றாள். பேத்தி அவளுடன் இருந்தாள். மதிய உணவை இப்போது ஒழுங்காக உண்கிறாள் அந்தக் குழந்தை.

நான் எண்ணிக்கொண்டே ஏறினேன். பிரபவ, விபவ என்று மனத்துக்குள் வருடங்களைச் சொல்லிக்கொண்டே வந்து, முப்பதாவதில் நின்றேன். துர்முகி. தங்கை பிறந்த வருடம். அன்று அவள் அமர்ந்த இடமும் அதுதான். அந்தப் படியில் நானும் அமர்ந்தேன். சொல்ல நினைத்த மன்னிப்பை அங்கே, மெல்லச் சொன்னேன். பின்னால் வந்த ஓர் இளம் பெண், தோளில் குழந்தையுடன் நின்று குனிந்து, “முடியலையா பாட்டி? கையைக் குடுங்க” என்று கையை நீட்டினாள்.

2016-இல் நான் செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான். அந்தக் கையைப் பற்றிக்கொண்டு எழுந்து, மீதி முப்பது படிகளையும் ஏறினேன். சந்நிதியில் முதலில் தங்கையின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தேன். பிரசாதத்தைக் கீழே கொண்டுவந்து கொடுத்தபோது, திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டவள், மீதியைக் குனிந்து தன் முழங்கால்களிலும் மெல்லப் பூசிக்கொண்டாள்.